உலக வரலாற்றின் திருப்புமுனைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் பல ஆண்டுகள் வரலாறு நடத்தியிருக்கிறேன். மாலை நேரங்களில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் சொல்லிக்கொடுத்ததுண்டு. இரண்டு தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதில்களும் ஒரே நீளத்தில் இருக்காது. சில இடங்களில் நின்று பேச வேண்டியிருக்கிறது.

திருப்புமுனை என்று எதைச் சொல்வது?

நான் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்பேன். அதற்குப் பிறகு பழைய வாழ்க்கைக்குத் திரும்பிப் போக வழி இருந்ததா? வழி இல்லையென்றால் அது திருப்புமுனை. 1526இல் முதலாம் பானிபட் போரில் பாபர் வென்றார். டெல்லி சிம்மாசனத்தில் ஆள் மாறினார். அன்று உழுதுகொண்டிருந்தவருக்கு வரி வாங்கும் கை மாறியது, ஏர் மாறவில்லை. அதே நூற்றாண்டில் போர்த்துக்கீசியக் கப்பல்களில் மிளகாய் வந்து இறங்கியது. அந்த நாளை யாரும் குறித்துவைக்கவில்லை. ஆனால் மிளகாய் இல்லாத சமையலுக்கு நாம் இனித் திரும்பப் போவதில்லை.

இதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கச் சொல்வேன். அந்தத் திருப்பத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார்? பலன் பெற்றவர்களின் பெயர் கல்வெட்டிலும் நாணயத்திலும் இருக்கும். விலை கொடுத்தவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கற்காலத்தில் அப்படி என்ன திருப்பம் நடந்திருக்க முடியும்?

நெருப்பு. தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் ஏறக்குறைய 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு தீ மூட்டியதற்கான சாம்பலும் கருகிய எலும்பும் கிடைத்திருக்கின்றன. சமைத்த உணவு எளிதில் செரிக்கும், குறைந்த நேரம் மென்றால் போதும். இன்றைய மனிதனின் பல்லும் தாடையும் குடலும் சமைத்த சாப்பாட்டுக்கே பழகியவை. பச்சையாகத் தின்று வாழ்ந்த காலத்துக்கு உடம்பே திரும்ப முடியாது.

கற்காலம் எங்கோ ஐரோப்பியக் குகைகளில் நடந்த கதை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1863 மே மாதம் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அங்கிருந்துதான் தொடங்கியது. திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் கிடைத்த கருவிகள் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று பின்னர் அறிவியல் முறையில் கணக்கிட்டார்கள். நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸின் மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்தவை. அவற்றுக்கு வயது ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுகள்தான். கொசத்தலை ஆற்றங்கரையில் கல்லுடைத்தவர்கள் நமக்கும் முந்திய மனிதர்கள்.

மனிதர்கள் ஏன் விவசாயத்துக்கு மாறினார்கள்?

யாரும் ஒருநாள் உட்கார்ந்து முடிவெடுத்து மாறவில்லை. ஏறக்குறைய 11,700 ஆண்டுகளுக்கு முன்பு கடைசிப் பனியுகம் முடிந்தது. மழையும் வெப்பமும் ஓரளவு நிலையாயின. இன்றைய துருக்கி, சிரியா, இராக் பகுதிகளில் காட்டுக் கோதுமையும் பார்லியும் மலைச்சரிவுகளில் தானாகவே அடர்ந்து வளர்ந்தன. மக்கள் அவற்றை அறுத்து வந்தார்கள்.

காட்டுக் கோதுமை முற்றியதும் கதிரிலிருந்து மணி உதிர்ந்துவிடும். அப்படி உதிர்ந்தால்தான் அந்தச் செடிக்கு அடுத்த தலைமுறை உண்டு. எங்கோ ஒன்றிரண்டு செடிகளில் ஒரு சிறு மரபுப் பிழையால் மணி உதிராமல் நிற்கும். காட்டில் அந்தச் செடி அழிந்துபோகும். அரிவாளோடு வருகிறவரின் கட்டில் அதுதான் அதிகம் சேரும். வீட்டுக்கு வந்த மணிகளில் ஒரு பகுதியை விதைத்தார்கள். நூறு தலைமுறை, இருநூறு தலைமுறை கழித்து வயல் முழுவதும் உதிராத கதிர். மனிதன் அறுத்துத் தூவாவிட்டால் அந்தக் கோதுமையால் வாழ முடியாது. அதை விட்டால் மனிதனாலும் வாழ முடியாது.

ஓரிடத்தில் கண்டுபிடித்து உலகமெங்கும் பரவியது என்று நினைக்க வேண்டாம். சீனத்தில் யாங்சி ஆற்றுப் படுகையில் நெல், மெக்சிகோவில் மக்காச்சோளம், நியூகினியில் சேம்பும் வாழையும் என்று பல இடங்களில் தனித்தனியாக நடந்தது. தென்னிந்தியாவில் கொள்ளும் பாசிப்பயறும் சாமையும் அப்படி வீட்டுப் பயிரானவை. நம்முடைய ஆதிப் பயிர்கள் என்று நாம் நினைக்கும் கேழ்வரகு, கம்பு, சோளம் மூன்றும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. இதைச் சொன்னால் வகுப்பில் யாரும் நம்ப மாட்டார்கள்.

விவசாயத்தால் வாழ்க்கை மேம்பட்டதா?

தொடக்கத்தில் பெரும்பாலானவர்களுக்கு இல்லை. சிரியாவில் அபு ஹுரைரா என்ற ஊரில் பழைய எலும்புக்கூடுகளை ஆராய்ந்தார்கள். பெண்களின் கால் பெருவிரல் எலும்பும் முழங்காலும் முதுகெலும்பும் தேய்ந்து உருமாறியிருந்தன. தினமும் பல மணி நேரம் மண்டியிட்டு, அரைகல்லில் தானியம் அரைத்ததால் வந்த தேய்மானம் அது. அம்மியில் அரைத்தே காலம் கழித்த பாட்டிகள் நமக்கும் இருந்தார்கள் என்பதால், அந்த எலும்புகளின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். விவசாயத்தின் விலையை முதலில் கொடுத்தவர்கள் அந்தப் பெண்கள்.

பல இடங்களில் முதல் விவசாயிகள் தங்கள் வேட்டை முன்னோரைவிடக் குள்ளமானவர்கள். மாவுச்சத்தை நம்பி வாழ்ந்ததால் பல் சொத்தை கூடியது. ஆடுமாடுகளோடு நெருங்கி வாழ்ந்ததால் புதிய நோய்கள் வந்தன. ஏன் விட்டுவிட்டுத் திரும்பிப் போகவில்லை? பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். வேட்டையாடி நூறு பேர் வாழக்கூடிய நிலத்தில் இப்போது ஆயிரம் பேர். அத்தனை வயிற்றுக்கும் காடு சோறு போடாது. விவசாயத்துக்கு முன்பு உலக மக்கள்தொகை ஒரு கோடியைத் தாண்டியிருக்காது என்பது பொதுவான மதிப்பீடு. 2022 நவம்பரில் அது 800 கோடியைத் தொட்டது.

எழுத்து ஏன் பிறந்தது? கவிதைக்கா, கடவுளுக்கா?

கணக்குக்கு. இன்றைய இராக்கில் உள்ள உருக் நகரத்தில் கி.மு. 3300 வாக்கில் எழுதிய களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை பார்லி எத்தனை மூட்டை, ஆடு எத்தனை, எந்த வேலையாளுக்கு எவ்வளவு படியளந்தது என்ற பதிவுகள். அதற்கு முன்பு சிறு மண்வில்லைகளை வைத்து எண்ணிக்கை பார்த்தார்கள். ஒரு வில்லைக்கு ஒரு ஆடு. வில்லைகளை மண் உருண்டைக்குள் வைத்து மூடி, உள்ளே இருப்பதை வெளியே அழுத்திக் குறித்தார்கள். வெளியே குறி இருக்கும்போது உள்ளே வில்லை எதற்கு? அந்தக் குறி எழுத்தானது. கூலியாக அளந்த உணவைக் குறிக்க ஒரு கிண்ணத்தின் படம் வரைந்தார்கள். கூலிக் கணக்கு எழுத்தின் வயதை ஒத்தது.

இதில் நான் முன்பு சொன்ன அளவுகோல் தடுமாறும், அதையும் சொல்லியாக வேண்டும். எழுத்து தொலைந்தும் போயிருக்கிறது. சிந்துவெளிக் குறியீடுகள் கி.மு. 1900க்குப் பிறகு மெல்ல மறைந்தன, இன்றுவரை அவற்றை உறுதியாகப் படிக்க முடியவில்லை. கிரேக்கத்தில் அரண்மனைக் கணக்கர்கள் பயன்படுத்திய எழுத்து கி.மு. 1200 வாக்கில் அரண்மனைகளோடு அழிந்தது. அதன்பின் ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் கிரேக்கர்களுக்கு எழுத்து கிடையாது. பிறகு ஃபீனிசிய வணிகர்களிடமிருந்து வேறு எழுத்தைக் கற்றுக்கொண்டார்கள். சில கணக்கர்களின் கையில் மட்டும் இருந்த எழுத்து அவர்களோடு செத்தது. சாதாரண மக்களின் கைக்கு வந்த எழுத்துதான் நிலைத்தது. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன் போன்ற ஆட்பெயர்கள் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் கீறியிருக்கின்றன. தன் பானையில் தன் பெயரைக் கீறிக்கொண்ட மனிதரின் கையெழுத்து அது. எனக்கு அது மன்னர்களின் மெய்க்கீர்த்தியைவிடப் பெரிய சாட்சி.

வெண்கலக் காலம் எப்படி முடிந்தது?

வெண்கலம் செய்யச் செம்பும் வெள்ளீயமும் வேண்டும். வெள்ளீயம் சில இடங்களில்தான் கிடைக்கும். அதனால் அந்தக் கால அரசுகள் நெடுந்தூர வணிகத்தை நம்பியே இருந்தன. துருக்கிக் கடற்கரையில் உளுபுருன் என்ற இடத்தில் கி.மு. 1300 வாக்கில் மூழ்கிய ஒரு கப்பலை, கடற்பஞ்சு எடுக்கப் போன ஒருவர் 1982இல் கண்டார். உள்ளே 10 டன் செம்பு, 1 டன் வெள்ளீயம். கலந்தால் சரியாக வெண்கலத்துக்கான விகிதம். கி.மு. 1200ஐ ஒட்டி வறட்சி, பஞ்சம், கடல்வழிப் படையெடுப்பு, உள்நாட்டுக் கலகம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. இன்றைய துருக்கியில் இருந்த ஹிட்டைட் பேரரசின் தலைநகர் கைவிடப்பட்டது, சிரியக் கரையிலிருந்த உகரித் நகரம் எரிந்தது, எகிப்து தப்பியது ஆனால் பழைய பலத்தோடு மீளவில்லை.

அதன்பின் அந்தப் பகுதியில் இரும்பு பரவலானது. இரும்புத் தாது ஏறக்குறைய எல்லா ஊரிலும் உண்டு, தூரத்துக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் சிவகளையில் கிடைத்த இரும்பு கி.மு. 3345 வரை பழமையானது என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இந்தக் காலக்கணிப்பு குறித்து அறிஞர்களிடையே விவாதம் நடக்கிறது. தேர்வுக்குப் படிப்பவர்கள் இரண்டையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கி.பி. 476இல் ரோமப் பேரரசு வீழ்ந்தது என்பது சரியா?

பாதி சரி. மேற்கே ரோமுலஸ் அகஸ்துலஸ் என்ற சிறுவன் பதவியிழந்தான். கிழக்கே கான்ஸ்டான்டிநோப்பிளில் இருந்த ரோமப் பேரரசு 1453 வரை நீடித்தது. அந்த ஊரார் கடைசிவரை தங்களை ரோமர்கள் என்றே அழைத்துக்கொண்டார்கள்.

கறுப்புச் சாவு ஐரோப்பாவை எப்படி மாற்றியது?

1347இல் சிசிலித் தீவின் மெசினா துறைமுகத்துக்கு வந்த கப்பல்களோடு பிளேக் வந்தது. 1351க்குள் ஐரோப்பாவில் மூன்றில் ஒருவர் முதல் இருவரில் ஒருவர் வரை இறந்துபோனார்கள். உழுவதற்கு ஆளில்லை. மிஞ்சிய கூலியாட்கள் கூடுதல் கூலி கேட்டார்கள். பழைய கூலிக்குமேல் கேட்பதும் கொடுப்பதும் குற்றம் என்று 1351இல் இங்கிலாந்தில் சட்டம் போட்டார்கள். நிலைக்கவில்லை. 1381இல் பெரும் குடியானவர் கலகம் வெடித்தது. அடுத்த நூறாண்டுகளில் அங்கே பண்ணையடிமை முறை தேய்ந்து மறைந்தது.

அதே நோய் கிழக்கு ஐரோப்பாவையும் தாக்கியது. அங்கே பின்னாளில் பண்ணையார்கள் கை ஓங்கி, குடியானவர்கள் நிலத்தோடு இன்னும் இறுக்கமாகக் கட்டப்பட்டார்கள். ஆகவே, பிளேக் விடுதலை தந்தது என்று ஒற்றை வரியில் எழுதாதீர்கள். நோய் கதவைத் திறந்தது. எந்தப் பக்கம் போவது என்பதை அந்தந்த ஊரில் யாருக்குப் பலம் இருந்ததோ அவர்கள் தீர்மானித்தார்கள்.

அச்சுக்கலையைக் கண்டுபிடித்தவர் கூட்டன்பர்க் தானே?

இல்லை. மரப்பலகை கொண்டு அச்சிட்ட ஒரு பௌத்த சூத்திரம் சீனத்தில் கி.பி. 868ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பி ஷெங் என்பவர் 1040களில் சுட்ட மண்ணால் தனித்தனி எழுத்துகள் செய்தார். கொரியாவில் 1377இல் உலோக எழுத்துகளால் நூல் அச்சிட்டார்கள். கூட்டன்பர்க் 1455 வாக்கில் மைன்ஸ் நகரில் உலோக எழுத்து, எண்ணெய் மை, திராட்சை பிழியும் செக்கைப் போன்ற அழுத்துபொறி மூன்றையும் இணைத்தார். அவருக்கு வாய்த்தது குறைந்த எழுத்துகள் கொண்ட மொழியும், புத்தகம் வாங்கக் காத்திருந்த நகரங்களும்.

கருவி வந்தால் மட்டும் திருப்பம் வந்துவிடாது என்பதற்கு நம் கதையே சாட்சி. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற சிறு சமய நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார்கள். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சகம் நடத்தினார். ஆனால் 1835இல் சட்டத் தடைகள் நீங்கி, இந்தியர்கள் தாராளமாக அச்சகம் வைக்க முடிந்த பிறகுதான் தமிழ் அச்சு தமிழர் கைக்கு வந்தது. அதன்பின் யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம்பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் ஏடு தேடிப் பதிப்பிக்க, கரையானுக்குப் போகவிருந்த சங்க இலக்கியம் நமக்கு மிஞ்சியது. முதல் நூலுக்கும் இந்தத் திருப்பத்துக்கும் இடையே முந்நூறு ஆண்டுகள்.

1453இல் துருக்கியர் கான்ஸ்டான்டிநோப்பிளைப் பிடித்து வழியை அடைத்ததால்தான் ஐரோப்பியர் கடல்வழி தேடினார்களாமே?

பல வழிகாட்டி நூல்களில் இப்படித்தான் இருக்கிறது. ஆனால் 1453க்குப் பிறகும் மிளகு எகிப்து வழியாக வெனிஸ் நகரத்துக்குப் போய்க்கொண்டேதான் இருந்தது. எகிப்து துருக்கியர் வசம் வந்ததே 1517இல்தான். போர்த்துக்கீசியர் ஆப்பிரிக்கக் கரையில் சேவுட்டா நகரைப் பிடித்தது 1415, கான்ஸ்டான்டிநோப்பிள் வீழ்வதற்கு 38 ஆண்டுகள் முன்பு. 1488இல் பார்த்தலோமியு டயஸ் நன்னம்பிக்கை முனையைச் சுற்றினார். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு அருகே வந்திறங்கினார். இடைத்தரகர்களைத் தவிர்த்து மிளகின் லாபத்தைத் தாங்களே எடுக்க வேண்டும், ஆப்பிரிக்கத் தங்கம் வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம்.

கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த 1492ஐ ஏன் எல்லாரும் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

உங்கள் வீட்டுச் சமையலறைக்குப் போய்ப் பாருங்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, மக்காச்சோளம் எல்லாம் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. தோட்டத்தில் கொய்யா, பப்பாளி, சீத்தா, சப்போட்டா, அன்னாசியும் அப்படித்தான். சங்க காலத்துச் சமையலில் காரத்துக்கு மிளகுதான். புதிதாக வந்த காய்க்கு மிளகின் பெயரையே ஒட்டவைத்து மிளகாய் என்றோம். சொல்லுக்குள்ளேயே வரலாறு இருக்கிறது.

அந்தக் கப்பல்கள் எதிர்த்திசையில் கொண்டுபோனவை அம்மையும் தட்டம்மையும். பல்லாயிரம் ஆண்டுகள் தனித்திருந்த அம்மக்களின் உடம்புக்கு இந்த நோய்கள் பழக்கமில்லை. 1520இல் அஸ்டெக் தலைநகர் டெனோச்டிட்லானில் பெரியம்மை பரவியது. 1521 ஆகஸ்டில் ஊர் ஸ்பானியரிடம் விழுந்தது. அடுத்த ஒன்றரை நூற்றாண்டில் பல பகுதிகளில் பத்தில் எட்டு, ஒன்பது பேர் இல்லாமல் போனார்கள். நோய் மட்டும் காரணமில்லை. கட்டாய உழைப்பும் பட்டினியும் போரும் சேர்ந்துதான் அந்த அழிவு.

உழைக்க ஆளில்லாமல் போன கரும்புத் தோட்டங்களுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைச் சங்கிலியிட்டுக் கொண்டுபோனார்கள். ஏறக்குறைய 1 கோடியே 25 லட்சம் பேர் கப்பல் ஏற்றப்பட்டார்கள். உயிரோடு கரையேறியவர்கள் 1 கோடியே 7 லட்சம். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ளவர்கள் கடலில் இருக்கிறார்கள். பொலிவியாவின் பொட்டோசி மலையில் 1545இல் வெள்ளி கண்டார்கள். அங்கு வெட்டிய வெள்ளி சீனத்துப் பட்டுக்கும் சோழமண்டலக் கரையின் துணிக்கும் விலையாக வந்து சேர்ந்தது. உலகம் ஒரே சந்தையானது அப்போதுதான். என் கணக்கில், விவசாயத்துக்கு அடுத்த பெரிய திருப்பம் இது.

தொழிற்புரட்சி ஏன் இங்கிலாந்தில் தொடங்கியது?

அறிவாளிகள் அங்கேதான் இருந்தார்கள் என்பது பதிலில்லை. அங்கே நிலக்கரி தரைக்கு அருகிலேயே கிடைத்தது, மலிவு. கூலி அதிகம். கூலியாளுக்குப் பதில் எந்திரம் வைத்தால் லாபம் என்ற கணக்கு அந்த மண்ணில் பொருந்தியது. 1712இல் நியூகோமன் செய்த நீராவி எந்திரம் சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கத்தான் பயன்பட்டது. ஏகப்பட்ட கரியைத் தின்னும். சுரங்க வாயிலில் கரிக்குப் பஞ்சமில்லாததால் பிழைத்தது. 1769இல் ஜேம்ஸ் வாட் காப்புரிமை பெற்ற மாற்றம் கரிச்செலவை வெகுவாகக் குறைத்தது, எந்திரம் சுரங்கத்தை விட்டு வெளியே வந்தது.

துணியின் கதை நம்மோடு பின்னியது. பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து போன சாயத் துணிகள் லண்டனில் பிய்த்துக்கொண்டு விற்றன. துவைத்தாலும் சாயம் போகாத பருத்தித் துணி அவர்களுக்குப் புதிது. உள்ளூர்க் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தார்கள். 1700இலும் 1721இலும் சட்டம் போட்டு இந்திய அச்சுத் துணியைத் தடுத்தார்கள். தடுத்துவைத்த சந்தைக்குள் அவர்களின் சொந்தப் பருத்தித் தொழில் வளர்ந்தது. ஹார்கிரீவ்ஸ், ஆர்க்ரைட், கிராம்ப்டன் ஆகியோரின் நூற்பு எந்திரங்கள் 1764க்கும் 1779க்கும் இடையே வந்தவை. அந்த ஆலைகளுக்கான பஞ்சை அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகள் பறித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைத்துணி இங்கே வந்து குவிந்தபோது, தறியை நம்பியிருந்தவர்களில் எத்தனையோ பேர் பிழைப்பிழந்தார்கள்.

பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிச் சொல்லவில்லையே?

அதைப் பற்றி எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. அதன் தங்கையைப் பற்றிச் சொல்கிறேன். கரீபியன் கடலில் இருந்த பிரெஞ்சுக் காலனியான சான்-டொமிங்கில் 1791 ஆகஸ்டில் அடிமைகள் எழுந்தார்கள். 1789இல் பாரிஸில் அறிவித்த மனித உரிமை தங்களுக்கும் உண்டு என்றார்கள். துசான் லூவெர்துர் தலைமையேற்று, பிரெஞ்சுச் சிறையில் இறந்தார். நெப்போலியன் அனுப்பிய படையை வென்று, 1804 ஜனவரி 1 அன்று ஹெய்ட்டி என்ற பெயரில் நாடு விடுதலை பெற்றது. அடிமைகளே எழுந்து வென்று அமைத்த நாடு.

1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்தி, தோட்ட முதலாளிகளின் இழப்புக்கு ஈடாக 15 கோடி பிராங்க் கேட்டது. பின்னர் 9 கோடியாகக் குறைத்தார்கள். அதற்காக வாங்கிய கடன்களை அடைத்து முடிக்க 1947 ஆனது. விடுதலை பெற்றவர்கள், தங்களை அடிமையாக வைத்திருந்தவர்களுக்குத் தங்கள் விலையைக் கட்டினார்கள். இந்தப் பாடம் எடுக்கும் நாளில் வகுப்பு எப்போதும் அமைதியாகிவிடும்.

பிரிட்டன் 1833இல் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் மொரிஷியஸுக்குப் போனார்கள். மதராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. இலங்கை மலையகமும் மலேயாவும் இந்தத் தொடரில் வருபவைதான்.

இருபதாம் நூற்றாண்டின் பெரிய திருப்பம் உலகப் போர்கள் தானே?

போர்களின் கொடுமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் மதராஸ் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. எமகாதகனை 'எம்டன்' என்று சொல்லும் வழக்கு நம்மிடம் அந்த இரவிலிருந்து வந்தது. 1945இல் ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்தன, அணுகுண்டு இல்லாத உலகம் அதோடு முடிந்தது. ஐரோப்பியப் பேரரசுகள் சோர்ந்தன. 1960 ஒரே ஆண்டில் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை பெற்றன.

ஆனாலும் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், 1909இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஒரு ஆய்வகத்தில் நடந்ததைச் சொல்வேன். ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் கடும் அழுத்தத்தில் சேர்த்து அம்மோனியா சொட்டச் செய்தார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனார். 1913இல் ஓப்பாவ் ஆலை இயங்கியது. இன்று கடையில் வாங்கும் யூரியா மூட்டையின் மூலம் அங்கே இருக்கிறது. உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேரின் சாப்பாடு இந்த வழியில் வரும் நைட்ரஜனால் விளைகிறது. அதை நாளைக்கே நிறுத்தினால் பாதி உலகம் பட்டினி. விவசாயத்தில் நடந்ததேதான் இங்கும்: பெருகிய வயிறுகள் திரும்பும் வழியை மூடிவிட்டன.

அதே அம்மோனியா முதல் உலகப் போரில் ஜெர்மனிக்கு வெடிமருந்தானது. அதே ஹேபர் 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் குளோரின் வாயுவைத் திறந்துவிடும் வேலையை முன்னின்று நடத்தினார். 1918ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. யூதராகப் பிறந்தவர் என்பதால் 1933இல் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தது, அடுத்த ஆண்டு இறந்தார்.

உரத்தைத் தாங்கிச் சாயாமல் நிற்கும் குட்டை நெல் ஐ.ஆர். 8, 1966இல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது. பசுமைப் புரட்சி இந்தியாவைப் பஞ்சத்திலிருந்து காத்தது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் விளைச்சல் கூடிய தஞ்சை மண்ணில் கூலியாட்களுக்குக் கூலி அதே வேகத்தில் கூடவில்லை. கூலி உயர்வு கேட்டுப் போராட்டம் நடந்த கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். திருப்பத்தின் விலையைக் கேட்கும்போது இதையும் கேட்க வேண்டும்.

மகிழ்ச்சியோடு சொல்லக்கூடிய திருப்புமுனை ஒன்றாவது உண்டா?

உண்டு. பெரியம்மை ஒழிந்தது. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் அது ஏறக்குறைய 30 கோடி உயிர்களை எடுத்தது. 1796இல் எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மைப் பாலைக் கொண்டு தடுப்பு ஊசிக்கு வழி காட்டினார். 1958இல் உலகம் முழுவதும் ஒழிக்கலாம் என்று சோவியத் ஒன்றியம் முன்மொழிந்தது. பனிப்போர் உச்சத்தில் இருந்தபோதும் சோவியத்தும் அமெரிக்காவும் இந்த ஒரு வேலையில் சேர்ந்து உழைத்தன. நோயாளியைக் கண்டால் அவரைச் சுற்றியுள்ள எல்லாருக்கும் உடனே ஊசி என்பதே உத்தி. இந்தியாவில் கடைசி நோயாளி 1975இல். உலகில் இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி, 1977 அக்டோபரில் சோமாலியாவைச் சேர்ந்த மருத்துவமனைச் சமையல்காரர் அலி மாவ் மாலின். அவர் பிழைத்தார். பின்னாளில் போலியோ ஒழிப்புப் பணியில் ஊர் ஊராகப் போய்த் தாய்மார்களிடம் பேசினார். 1980 மே மாதம் உலக சுகாதார அமைப்பு ஒழிப்பை அறிவித்தது. முகத்தில் அம்மைத் தழும்புள்ளவர்களை என் சிறுவயதில் தெருவுக்கு ஒருவராகப் பார்த்தேன். என் மாணவர்கள் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.

இப்போது நாம் ஒரு திருப்புமுனையில் இருக்கிறோமா?

உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிவது அரிது. உருக்கில் மண்பலகையில் கிண்ணம் வரைந்தவருக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் அளந்து சொல்ல முடியும். தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறக்குறைய 280 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. பனியுகம் முடிந்து நிலைபெற்ற வானிலையை நம்பித்தான் விவசாயம் பிறந்தது என்று மேலே சொன்னேன். அந்த வானிலைதான் இப்போது மாறுகிறது.

பிள்ளைகளுக்கு இதையெல்லாம் எங்கிருந்து சொல்லத் தொடங்குவது?

ஆண்டுகளை ஒப்பிக்க வைத்துத் தொடங்காதீர்கள். ஒரு பொருளைக் கையில் கொடுங்கள், அல்லது கண்ணில் காட்டுங்கள். வீட்டில் ஒரு மிளகையும் ஒரு மிளகாயையும் பக்கத்தில் வைத்து எது எப்போது வந்தது என்று கேளுங்கள். மதுரைப் பக்கம் போனால் கீழடி அருங்காட்சியகத்தில் பெயர் கீறிய பானை ஓடுகளைக் காட்டுங்கள். சென்னையில் இருந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். ஃபுட் சேகரித்த கருவிகளை அந்த அருங்காட்சியகம் 1904இல் வாங்கியது. கைக்கோடரியின் முன்னால் பிள்ளையை நிறுத்தி, இதை எந்தக் கையால் பிடித்திருப்பார்கள், எந்தப் பக்கம் உடைத்திருப்பார்கள் என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். பிள்ளையின் கை தானாகவே அந்தக் கல்லைப் பிடிக்கும் வடிவத்துக்கு மடங்கும்.